சாஸ்தாவுக்கு நேர்ந்துவிட்ட ஜீப்

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்று சாயங்கால ரயிலில் தங்கக்கனி ஓசூருக்குப் போய்விட்டாள். மகள் சுபலதாவுக்கு இரண்டாவது பிரசவம். இனி பங்குனி உத்திரத்துக்குத்தான் வருவாள். அதுவரை இந்த வீட்டில் நானும் ஜீப்பும்தான்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக இரண்டு கட்டளைகள் போட்டாள். "தெனமும் என்ன சாப்பிட்டீயன்னு அந்த டைரில எழுதி வைங்க. வந்து பார்ப்பேன்." அது முதலாவது. "நான் வரும்போது அந்த ஜீப்பு வாசல்ல நிக்கக் கூடாது. வித்துருங்க." அது இரண்டாவது. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு விசிலில் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திய பி.டி. மாஸ்டர் சுயம்புலிங்கம், ரிட்டயர்டு, ஆகிய நான் பிளாட்பாரத்தில் நின்று சரி சரி என்று தலையாட்டினேன்.

சாப்பாட்டுக் கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் தனியாக எழுதிக் காட்டிக்கொள்ளலாம். உரக்கடையில் கொடுத்த இந்த டைரி நல்ல தாள். இது எனக்கு.

ஜீப் மேல் அவளுக்கு என்ன கோபம் என்பதையும் எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது நியாயம் கேட்டால் உதவும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் இருந்தாலும் வந்து அவர் முன்னால் பொங்கல் வைக்க வேண்டும். மற்றவர்களுடைய சாஸ்தாக்கள் குளக்கரையிலும் ரோட்டோரத்திலும் சௌகரியமாக இருக்கிறார்கள். எங்களுடையவர் மட்டும் தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். நடந்தால் கணுக்கால் வரை புதையும்.

டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் பரந்துகொடுத்து மணல் மேலே மிதந்து போகும். போன வருடம் அப்படித்தான் போனேன். எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்து தார் ரோட்டில் ஏறியதும் மறுபடி காற்றை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் டயர் கிழியும். அங்கே கால் பம்பின் ஓஸ் பிளந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் காற்று என் வேட்டிக்குள்தான் போனது. பொங்கல் பானையும் பட்டுச் சேலையுமாக நின்ற கனி, அந்த வழியாக வந்த ஆட்டு வண்டியில், ஆடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் ஜீப்பில் ஏறவில்லை.

பம்பு பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்குங்கள் என்று முன்பே சொன்னதாகச் சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

பிப்ரவரி 4

சாப்பாடு: ஓட்டல் இட்லி. விற்பதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவசரமில்லை.

பிப்ரவரி 7

இன்று மிக்கேலின் பட்டறைக்குப் போனேன். லாரிகளுக்கு ஏர் பிரேக் வேலை பார்க்கிறவன். என் வயதுதான். ஜீப்பை விற்க ஆள் தெரியுமா என்று விசாரிக்கத்தான் போனேன். இதை அடிக்கோடிட்டுக் கொள்கிறேன்.

ஒரு பழைய லாரியைப் பிரித்துப் போட்டிருந்தான். அதன் வயிற்றிலிருந்து கழற்றிய காற்று டேங்க் ஒன்று, நம்ம பால் கேன் மாதிரி, தரையில் கிடந்தது. குனிந்து தட்டிப் பார்த்தேன். டங் என்றது.

"மிக்கேல், இதுல எம்புட்டுக் காத்து புடிக்கும்?"

"லாரிய நிறுத்துத காத்து சார் அது. ஒங்க ஜீப்பு டயரு நாலையும் ஊதிட்டு, மிச்சக் காத்துல நீங்க பலூன் யாவாரம் பாக்கலாம்."

"ஜீப்புல மாட்ட முடியுமா?"

மிக்கேல் கையைத் துடைத்துக்கொண்டு என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தான். "விக்கப் போறேன்னுதான சொன்னிய?"

"விக்கும்போது நல்ல விலை கெடைக்கும்லா?" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது.

பிப்ரவரி 9

சாப்பாடு: வாழைப்பழம், மறுபடியும் வாழைப்பழம்.

முதல் கிராக்கி வந்தார். கோழிப்பண்ணைக்காரர். வண்டியைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். மழையில் ஒழுகும், மூன்றாவது கியர் அடம்பிடிக்கும், இடது கண்ணாடி கயிற்றில் நிற்கிறது. அவர் மனம் நெகிழ்ந்துபோய், "இப்படி உண்மையச் சொல்லுத ஆள்ட்டதான் அண்ணாச்சி வண்டி வாங்கணும்" என்று சொல்லிவிட்டார். பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று நானே அவரை அனுப்பி வைக்க வேண்டியதாயிற்று.

இரவு கனி போனில் கேட்டாள், "வித்தாச்சா?" ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். பொய் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 13

டேங்க் இருந்தால் போதாது, அதை நிரப்ப ஒரு கம்ப்ரெசர் வேண்டும். பட்டறைக் கம்ப்ரெசரைத் தூக்கி ஜீப்பில் வைத்தால் நாங்கள் உட்கார இடமிருக்காது. மிக்கேல் ஒரு வழி சொன்னான். நொறுங்கிப்போன காரின் ஏசி கம்ப்ரெசர் ஒன்றைக் கழற்றி, ஜீப் எஞ்சின் ஓரத்தில் மாட்டி, பெல்ட் போட்டால் எஞ்சின் ஓட்டத்திலேயே அது சுற்றும். குளிர்வாயுவுக்குப் பதில் வெறும் காற்றை இழுத்து அமுக்கி டேங்குக்கு அனுப்பும். டேங்க் நிறைந்ததும் ஒரு சுவிட்ச் தானாக நிறுத்திவிடும்.

தூத்துக்குடிப் பழைய இரும்புக்கடையில் ஒன்று கிடைத்தது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டார். கம்ப்ரெசர் என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 17

எஞ்சின் ஓரத்தில் கம்ப்ரெசரைத் தாங்க இரும்புப் பட்டையில் பிராக்கெட் வெட்டி வெல்டிங் வைத்தோம். மூன்று தடவை மாட்டி மூன்று தடவை கழற்றினோம். புல்லி இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒரு நூல் விலகினாலும் பெல்ட் கழன்று ஓடிவிடும். மிக்கேல் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படமெடுத்துக்கொள்கிறான். வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போடுவானாம், தொழிலுக்கு விளம்பரம். நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற படத்தைப் போடச் சொன்னேன்.

சாப்பாடு: பரோட்டா. நோட்டில் கீரைச் சாதம் என்று எழுதினேன்.

பிப்ரவரி 21

பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ நூறு கிராம். தாயும் பிள்ளையும் நலம்.

டேங்கின் எடை ஒன்பது கிலோ.

கனி போனில் குழந்தையை அழ வைத்துக் கேட்கச் செய்தாள். நன்றாக அழுகிறது. நல்ல நுரையீரல் என்றேன். "மாத்திரை போட்டியளா? வீட்டப் பூட்டிட்டுப் படுக்குதியளா?" என்று கேட்டாள். ஜீப்பைப் பற்றி இன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பாள்.

பிப்ரவரி 28

வித்தாச்சா என்றாள். கிராக்கிக்குப் பணம் புரளவில்லை என்றேன். பின்னால் சுபலதா தும்மிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, தலைக்கு எதையாவது கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 4

கோழிப்பண்ணைக்காரர் பணத்தோடு வந்து நின்றுவிட்டார். வாசலில், வெற்றிலை பாக்கு சகிதம்.

வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "இது சாஸ்தாவுக்கு நேர்ந்துவிட்ட வண்டி அண்ணாச்சி. உத்திரம் முடியாம கை மாத்தக் கூடாது."

அவர் பதறிப்போய் பானெட்டிலிருந்து கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மொதல்லயே சொல்லப்பிடாதா? நான் டயர வேற எத்திப் பார்த்துட்டேனே!" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

கிடாயை நேர்ந்துவிடுவார்கள், சேவலை நேர்ந்துவிடுவார்கள். ஜீப்பை நேர்ந்துவிட்டது நானாகத்தான் இருக்கும். சொன்னது சொன்னதுதான், சாஸ்தா விஷயத்தில் விளையாட முடியாது. இனி உத்திரத்துக்கு இந்த வண்டி கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். நான் என்ன செய்ய? இரவு போனில் கனியிடமும் இதையே சொன்னேன், பின்னால் சுபலதா மறுபடியும் தும்மினாள்.

மார்ச் 9, ஞாயிறு

டேங்கை எங்கே வைப்பது என்பதில் நாள் முழுக்கப் போனது. இடது பக்கத்து சீட்டுக்கு அடியில் அளவெடுத்த மாதிரி இடம் இருந்தது. மாட்டிவிட்டோம். எஞ்சினை ஓடவிட்டு டேங்க் நிறைகிறவரை நான் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அமுங்கின காற்று சூடாக வரும் என்பது தெரிந்ததுதான், இவ்வளவு என்று தெரியாது. குழாய் போகிற இடத்தில் சீட் தோசைக்கல்லாகிவிட்டது.

"கழத்து" என்றேன்.

"ஏன் சார்? நீங்க ஒக்காரப் போறது ஸ்டேரிங் பக்கம்தான? இந்த சீட்டுல யாரு ஒக்காரப் போறா?"

எடைப் பகிர்வு சரியில்லை என்று சொன்னேன். தொழில்நுட்பக் காரணம். கழற்றி வலது பக்கம், என் சீட்டுக்குப் பின்னால் மாட்டினோம். கூடுதலாக அரைநாள் வேலை.

மார்ச் 14

டேங்க் காலையில் நிறைந்திருந்தால் மத்தியானம் காலி. எங்கேயோ ஒழுகுகிறது. இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழ் வரும். வீட்டில் என் சவுக்காரக் கட்டி தீர்ந்துவிட்டது, கனியின் சந்தன சோப்பு மட்டும் மாடத்தில் இருந்தது. அதைத்தான் கரைத்தேன்.

குளியலறை முழுக்க அவள் குளித்துவிட்டு வந்த வாசம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கலக்கினேன். நுரை நன்றாக வர வேண்டும் அல்லவா.

மூன்று இடத்தில் குமிழ் வந்தது. மரையில் டேப் சுற்றி முறுக்கினோம். இப்போது ஒழுகவில்லை.

மார்ச் 19

டேங்க் முழுசாக நிறைந்து, சுவிட்ச் டக்கென்று கம்ப்ரெசரை நிறுத்தியது. மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டான். நான் விசில் ஊதினேன். சந்தோஷத்தில் என் சைக்கிள், மிக்கேலின் சைக்கிள், தபால்காரரின் பைக் எல்லாவற்றுக்கும் காற்றடித்தோம். தபால்காரர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

மார்ச் 24

ஜீப்பின் இடது பக்கம் ஏறுவதற்கு ஒரு படி வெல்டிங் வைத்தேன். மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும். டேங்கை அவ்வப்போது பார்வையிட வேண்டும், அதற்கு ஏறி இறங்க வசதி. படியின் உயரத்தை மிக்கேல் கேட்டான். நம் வீட்டு வாசல்படி உயரம் வை என்றேன். முட்டி வலிக்காமல் ஏறுகிற உயரம் அதுதான்.

மார்ச் 30, ஞாயிறு

தேரியில் வெள்ளோட்டம். மிக்கேல் மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்துவிட்டான். ரோட்டோரம் நிறுத்தி டயர்க் காற்றை முப்பதிலிருந்து பதினைந்துக்கு இறக்கி, மணலில் கோயில் வரை போய்த் திரும்பினோம். ரோட்டுக்கு வந்ததும் சுருட்டி வைத்த ஓஸை எடுத்து மாட்டினேன். ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரத்தில் நாலு டயரும் கல்லு மாதிரி ஆகிவிட்டன. போன வருடம் கனி இறங்கி நின்ற அதே இடம்தான்.

மிக்கேல் வீடியோ எடுத்தான். வருகிற வழியில், கம்ப்ரெசருக்கு எண்ணெய் போதவில்லை, வாங்கி ஊற்றுங்கள் என்று சொன்னான். ஏசியில் இருக்கும்போது கம்ப்ரெசருக்கு வாயுவோடு எண்ணெயும் சுற்றி வருமாம். வெறும் காற்றில் நாமாகத்தான் விட வேண்டும். "கம்ப்ரெசர் எண்ணெயத் தவிர வேற எதையும் விட்றாதீய சார்" என்று இரண்டு தடவை சொன்னான். பி.டி. மாஸ்டரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 2

சித்தப்பா மகன் ஆறுமுகநயினார் திருநெல்வேலியிலிருந்து வந்தான். புது வண்டி வாங்கியிருக்கிறான். கருப்பு. யானை மாதிரி இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வரவேற்கிறது.

"அண்ணாச்சி, உத்திரத்துக்கு மைனிய நான் கூட்டிட்டுப் போயிருதேன். நேத்தே போன்ல பேசிட்டேன். சரின்னுட்டாவ. ஒங்க வண்டில சாமான் சட்டியெல்லாம் போட்டுக் கொண்டாந்துருங்க."

மைனி என்று அவன் சொல்வது கனியைத்தான். நல்லது தம்பி என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். பால் திரிந்திருந்தது, அது தற்செயல்.

ஏப்ரல் 3

சாப்பிடவில்லை. பசியில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கம்ப்ரெசர் எண்ணெய் வாங்கப் போனால், ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை பூட்டியிருந்தது. மிக்கேல் துறைமுகத்தில் லாரி வேலைக்குப் போயிருக்கிறான், உத்திரம் கழித்துத்தான் வருவான். கம்ப்ரெசரை ஓட்டிப் பார்த்தபோது கரகர என்றது. எண்ணெய் குடிக்கக் கேட்கிறது.

சமையலறையில் கனி செக்கில் ஆட்டி வைத்த நல்லெண்ணெய் அரை பாட்டில் இருந்தது. தையல் மெஷினுக்கு விடுகிறோம், கதவுக் கீலுக்கு விடுகிறோம், தலைக்குத் தேய்க்கிறோம். சாஸ்தாவுக்கு விளக்கே அதில்தான் எரிகிறது. நேர்ந்துவிட்ட வண்டிக்கு ஆகாதா? விட்டேன். சத்தம் அடங்கிவிட்டது. இயந்திரமும் நம்மைப் போலத்தான், நல்லதைக் கொடுத்தால் கேட்டுக்கொள்கிறது.

ஏப்ரல் 7

கம்ப்ரெசர் ஓடும்போது முறுக்கு சுடுகிற வாசம் வருகிறது. டயர் வால்வைத் திறந்தால் டயரிலிருந்தும் வருகிறது. தெரு நாய்கள் இரண்டு காலையிலிருந்து ஜீப்பை விட்டு நகரவில்லை.

ஏப்ரல் 9

கனி வந்துவிட்டாள். சம்பந்தியம்மா ஓசூருக்கு வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் கிளம்பிவிட்டாள். ஸ்டேஷனுக்கு ஆட்டோவில்தான் போனேன். கொஞ்சம் கருத்திருக்கிறாள். பைகளில் ஒன்று நல்ல கனம், தூக்கப் போனேன், "அத விடுங்க, நான் எடுத்துக்கிடுதேன்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

வாசலில் ஜீப். நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். எடைப் பகிர்வு, கோழிப்பண்ணைக்காரர், நேர்ச்சை, எல்லாம் வரிசையாக. அவள் ஜீப்பைப் பார்த்தாள். சுற்றிப் படுத்திருந்த நாய்களைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நல்லெண்ணெய எங்க?"

"எண்ணெ தேச்சுக் குளிச்சேன்."

வெளியே வந்து என் தலையைப் பார்த்தாள். அதில் தேய்க்க என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பார்த்ததோடு சரி.

ஏப்ரல் 10

"நாளைக்கு நயினார் தம்பி வண்டில போறேன்" என்றாள். சரி என்றேன். சாமான்களை ஜீப்பில் ஏற்றினேன். பொங்கல் பெட்டியை மட்டும் அவளே கட்டி அவளே தூக்கி வைத்தாள்.

இவ்வளவு வேலையும் யாருக்காகச் செய்தேன் என்று இரவு சாப்பிடும்போது நினைத்துக்கொண்டேன். சாஸ்தாவுக்காகத்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி. பங்குனி உத்திரம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நயினாரின் கருப்பு யானை முன்னால் போக, நான் சாமான் சட்டிகளோடு பின்னால் போனேன். தார் ரோடு முடிகிற இடத்தில் அவன் நிறுத்திவிட்டான். மணலைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். டயரில் காற்றை இறக்கு, போகலாம் என்றேன். "கம்பெனில முப்பத்தஞ்சுக்குக் கொறைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கான் அண்ணாச்சி. பெயிண்டுல வேற முள்ளு கீறும். நாம நடந்துருவோம். என்ன மைனி?"

கனி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்று கிலோமீட்டர். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறவள். இரண்டு எட்டு மணலில் வைத்துவிட்டு நின்றாள். நான் டயர் நாலிலும் காற்றை இறக்கி முடித்து, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தால் விசில்தான் வரும் போலிருந்தது.

இடது பக்கம் வந்து நின்றாள். புதுப்படியைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"டேங்கப் பார்வையிட ஏறணும்லா. அதுக்கு."

"டேங்க்கு அந்தப் பக்கம்லா இருக்கு."

இரண்டு மாதத்தில் தயாரித்த பதில்கள் எதிலும் இது வரவில்லை. அவள் படியில் காலை வைத்தாள், கைப்பிடியைப் பிடித்தாள், வலி என்று முகம் சுளிக்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஜீப் மணலில் படகு மாதிரி போனது. நடந்துகொண்டிருந்த பங்காளிகளை ஒவ்வொருவராகத் தாண்டும்போது கனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நயினாரைத் தாண்டும்போது லேசாகத் தலையசைத்தாள். வருகிற வருடத்துக்கும் சேர்த்து எனக்கு அது போதும்.

பொங்கல் நன்றாகப் பொங்கியது. குலவை போட்டார்கள். ஜீப்புக்கும் மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்தேன். நேர்ச்சை கழிந்தது.

சாயங்காலம் தார் ரோட்டுக்குத் திரும்பினோம். பங்காளிகள் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்திருந்தார்கள். இதுதான் என் நேரம். எஞ்சினை ஓடவிட்டு, ஓஸை நீட்டாக விரித்து, கூட்டம் சேரும்வரை கொஞ்சம் தாமதித்து, சுவிட்சைப் போட்டேன்.

முதல் டயர் ஏறியது. இரண்டாவது ஏறியது. முறுக்கு வாசம் கிளம்பியது. நயினார் மூக்கை உறிஞ்சி, "யாரோ பலகாரம் சுடுதாவ" என்றான். மூன்றாவது டயரில் இருக்கும்போது கம்ப்ரெசர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. பெல்ட் புகைந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். நல்லெண்ணெய் சூட்டில் காய்ந்து பிசினாகி உள்ளே எல்லாவற்றையும் ஒட்டிவிட்டது. கையால் திருகினால் அசையவில்லை. டேங்கில் மிச்சமிருந்த காற்றில் மூன்றாவது டயர் முக்கால்வாசிதான் ஏறியது. நாலாவது சப்பையாகக் கிடந்தது.

போன வருடம் நின்ற அதே இடம். அதே கூட்டம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. இரண்டு மாதம் இரும்பைத் தூக்கிச் சுமந்ததெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. கண்ணில் புகை பட்டுவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

நயினார் நல்லவன்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க மைனி, ஏசி போட்டுட்டேன்" என்றான். உள்ளேயிருந்து அந்த ஆங்கிலப் பெண்ணும் அழைத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு ஹாரன். அதே ஆட்டு வண்டி. டிரைவர் கனியை அடையாளம் கண்டுகொண்டான். "யக்கா! இந்த வருசமும் நின்னுபோச்சா? ஏறுங்க, இன்னைக்கு ஆடு கம்மிதான்."

கனி இரண்டு வண்டிகளையும் பார்த்தாள். பிறகு ஜீப்பின் பின்பக்கம் போய்ப் பொங்கல் பெட்டியின் கட்டை அவிழ்த்தாள். பானையை எடுத்து வைத்தாள், கரண்டியை எடுத்து வைத்தாள், அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை இழுத்தாள். கால் பம்பு. புத்தம் புதிது. இரட்டைக் குழல், தடித்த ஓஸ், விலைச் சீட்டு கூடப் பிரிக்கவில்லை.

"ஓசூர்ல வாங்குனேன். பாப்பா பொறந்த மறுவாரமே."

"ஒனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"மிக்கேல் அண்ணாச்சி தெனமும் ஸ்டேட்டஸ் போடுதாவல்லா. பிராக்கெட்டு, டேங்க்கு, நீங்க நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கது, எல்லாம் பார்த்தோம்."

"அப்பம் தெனமும் வித்தாச்சா வித்தாச்சான்னு கேட்டியே?"

"இன்னைக்கு என்ன புளுகுதீயன்னு கேக்கத்தான். சுபா ஸ்பீக்கர்ல போட்டுருவா. சாஸ்தாவுக்கு நேர்ந்துவிட்டேன்னு சொன்னிய பாத்தியளா, அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல பச்ச ஒடம்புக்காரி, தையல் பிரிஞ்சிருமோன்னு பயந்துட்டேன்." அவள் பம்பை என் காலடியில் வைத்தாள். "நான் வாங்கச் சொன்னது ஒரு பம்பு. அதுக்கு நீங்க ஒரு பேக்டரியே கட்டி வச்சிருக்கிய."

நயினார் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். கனி அவனிடம், "நீங்க போங்க தம்பி. நாங்க காத்தடிச்சிட்டு வாறோம்" என்றாள். ஆட்டு வண்டிக்காரனுக்குப் பொங்கல் ஒரு இலையில் வைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

எல்லா வண்டியும் போன பிறகு, அவள் அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டாள். உட்காரவும் சரியான உயரம்தான். டேஷ்போர்டில் கிடந்த என் விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டு, ஒரு தடவை ஊதினாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணு... ரெண்டு... முதுக வளைக்காதீய... மூணு..."

இந்த ஓஸ் கிழியவில்லை. காற்று டயருக்குள்தான் போனது. நூறு தாண்டியிருக்கும், கனி எங்கேயோ பார்த்துச் சிரித்ததில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். டயர் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, மிதித்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 12

சாப்பாடு: வீட்டில், தோசை. ஜீப் வாசலில் நிற்கிறது.